காளையோடு பிறந்த கிடாரி

அந்தக் கன்னோட வாலைத் தூக்கிப் பாத்து என்னத்தைங்க தெரிஞ்சுக்கப் போறீங்க? விடுங்க. வர்றவன் பூராவும் இதைத்தான் பண்றான். பல்லைப் பாக்கறான், வாலைப் பாக்கறான், திமிலை அமுக்கிப் பாக்கறான். சந்தையில எவனோ சொல்லிக் குடுத்திருக்கான். கன்னு வாங்க வந்தா மொதல்ல அதோட தாயைப் பாக்கோணும், அப்பறம் தகப்பன் எந்தக் காளைன்னு கேக்கோணும். அதைக் கேக்க உங்களுக்குத் தோணலை. கொடுமுடிப் பக்கம்னீங்கல்ல, அப்படித்தான் இருக்கும்.

உக்காருங்க. அந்தக் கல்லு மேல உக்காருங்க, நெழல்தான். ஊட்டுல ஆளில்லை. மோர் வேணும்னா நாந்தான் போய் எடுத்துட்டு வரோணும். கொஞ்சம் பொறுத்துத் தரேன்.

என்ன கேட்டீங்க? மாடு நல்லா வர்றது ரத்தத்துலயா, வளப்புலயான்னா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த ஒரு கேள்வியாலதான் எம்பையன் கல்யாணம் நின்னுச்சு. ஆமாங்க. தட்டு மாத்துன கல்யாணம். சிரிக்கறீங்களா? சிரிங்க. ஊரே சிரிச்சுது, நீங்க ஒருத்தர் சிரிச்சு என்ன குறைஞ்சு போச்சு.

முப்பத்திரண்டு வருசம் கால்நடை ஆசுபத்திரியில வேலை பாத்தவனுங்க நானு. போர்டுல கால்நடை ஆய்வாளர்னு இருக்கும். சனங்களுக்கு ஊசிக்காரர். மொபெட்டுல நைட்ரஜன் கேனைக் கட்டிக்கிட்டு ஊர் ஊராப் போய்ப் பசுவுக்குச் சினை ஊசி போட்டவன். எந்தப் பசுவுக்கு எந்தக் காளையோட விந்துக் குச்சி, அந்தக் காளைக்கு அப்பன் எது, அப்பனுக்கு அப்பன் எது, எல்லாம் நோட்டுல ஏத்தி வெச்சிருப்பேன். பெரிய டாக்டருங்க வருவாங்க, சட்டை கசங்காம நிப்பாங்க, எங்கிட்டக் கேட்டு எழுதிக்கிட்டு, அவங்க கண்டுபுடிச்ச மாதிரி மீட்டிங்குல படிப்பாங்க. படிப்பெல்லாம் அவ்வளவுதானுங்க.

எனக்கு இரட்டைப் புள்ளைங்க. மொதல்ல பையன் பொறந்தான், எட்டு நிமிசம் கழிச்சுப் பொண்ணு. பூபதி, பூவிழி. பேரு நான் வெச்சதுதான். ஒரே வயிறு, ஒரே ஊடு, ஒரே சோறு. பையன் மாட்டைக் கண்டா அவங்கம்மா சீலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவான். பொண்ணு அப்படி இல்லைங்க. ஏழு வயசுல இருந்து மொபெட்டுல முன்னாடி நின்னுட்டு வருவா. பசுவோட மூக்கணாங்கயித்தை அவ புடிச்சுக்கிட்டாத்தான் எனக்குக் கை ஓடும். "அப்பா, இது சினை நிக்காதுப்பா"ன்னு அவ சொன்னா நிக்காது. அந்தக் கண்ணு எனக்கே கெடையாது. அதெல்லாம் பழைய கதை. இப்ப எதுக்கு?

போன சித்திரையில ரெண்டு பேரு ஜாதகத்தையும் வெளியில எடுத்தோம். பொண்ணுக்கு மொதல்ல முடிச்சுட்டு அப்பறம் பையனுக்குன்னு ரோசனை. அவ கோயமுத்தூர்ல பம்ப் கம்பெனியில டிசைன் வேலையில இருந்தா. லாவண்யான்னு ஒரு புள்ளை, பிசியோதெரபி பண்றது, ரெண்டும் நாலு வருசமா ஒரே ஊட்டுல. கூட்டாளின்னு நெனச்சுட்டிருந்தோம். ஒரு ஞாயித்துக்கிழமை வந்தா, சமையக்கட்டுல உக்காந்து அவங்கம்மாகிட்ட ஒரு மணி நேரம் பேசுனா. அவங்கம்மா கட்டுத்தரைக்கு வந்து, நான் சாணி அள்ளிட்டிருக்கறேன், மொட்டையாச் சொல்றா: "ஏனுங்க, நம்ம பொண்ணு ஆம்பளையக் கட்டிக்க மாட்டாளாமா. லாவண்யாவோடதான் இருப்பாளாமா. சின்னதுல இருந்தே அப்படித்தானாமா."

இந்தாங்க, இப்படி எச்சை முழுங்காதீங்க. உங்க ஊர்லயும் இருக்கும். நீங்க எல்லாம் மூடி வெச்சிருப்பீங்க, அவ்வளவுதான்.

நான் கையக்கூடக் கழுவலை. நேரா உள்ள போனேன். பையெடுத்துக்கிட்டுக் கெளம்புன்னேன். அவ அழுகலைங்க. "நான் என்னப்பா தப்புப் பண்ணுனேன்?"ன்னு கேட்டா. "நீ பண்ணலை. இது எங்கிருந்தோ வந்திருக்குது. எங்கிருந்துன்னு நான் கண்டுபுடிக்கறேன், அதுவரைக்கும் இந்த வாசல மிதிக்காதே"ன்னேன். மாட்டுல ஒரு கோளாறு வந்தா மூணு தலைமுறை பின்னாடி போய்க் காரணத்தை எடுக்கறவன் நானு. எம்பட ஊட்டுக் காரணத்தை எடுக்க முடியாதா?

புது நோட்டு ஒண்ணு வாங்குனேன். காளைக்குப் போடற மாதிரியே கட்டம் போட்டேன். இந்தப் பக்கம் எங்க கூட்டம், அந்தப் பக்கம் சாரதாமணி கூட்டம். சாரதாமணி எஞ்சம்சாரம். எங்க பக்கம் சுத்தமா இருக்கும்னு எனக்குத் தெரியும். அவ பக்கம்தான் சந்தேகம். அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கும் நெனப்பு ஒழுங்கா இருக்காது. அவங்க பெரியப்பா பையன் ஒருத்தன் கோயில் நாடகத்துல மூணு வருசம் பொம்பளை வேசம் கட்டுனவன். சிவப்பு மையில எழுதுனேன். அவங்க சித்தப்பன் ஒருத்தன் கல்யாணம் பண்ணாமப் புறா வளத்திட்டிருந்தான். சிவப்பு மை. ஒரு பெரியம்மா அந்தக் காலத்துலயே சைக்கிள் ஓட்டுவாளாம். அதையும் விடலை, சிவப்பு மை. பக்கம் பூராவும் ரத்தக்களறி மாதிரி ஆயிப்போச்சுங்க.

சாரதாமணி எட்டிப் பாத்துட்டு, "உங்க பாவாயி அத்தையை எழுதலீங்களா?"ன்னா. இந்தப் பொம்பளைங்க புத்தியே இப்படித்தான். எங்கத்தை என்னங்க பண்ணுச்சு? கட்டிக் குடுத்து ஒரு மாசத்துல திரும்பி வந்துருச்சு. அப்பறம் கமலவேணி டீச்சரோட நாப்பது வருசம் ஒரே ஊட்டுல இருந்துச்சு. ஒரு தட்டத்துல சோத்தைப் போட்டு ரெண்டு பேரும் தின்னுவாங்க. டீச்சருக்குக் காச்சல்னா அத்தை பச்சத்தண்ணி குடிக்காது. டீச்சர் செத்துப் பதினெட்டாம் நாள் அத்தையும் போயிருச்சு. ஒரு நோவு இல்லை, நொடி இல்லை. சினேகிதம்னா அது சினேகிதம். இப்ப இருக்கற கழுதைங்களுக்கு அது தெரியுமா? அத்தை பேருக்கு நேரா நீல மையில "ஒழுக்கம்"னு எழுதுனேன்.

இதுக்கு நடுவுல பையனுக்கு இடம் அமைஞ்சுருச்சு. ஊத்துக்குளிப் பக்கம், சுப்பராயன்னு மஞ்சள் மண்டி வெச்சிருக்கறவரு. பொண்ணு தாரணி. நல்ல பொண்ணுதான், என்ன, சிரிச்சா நிறுத்தத் தெரியாது. வைகாசியில தட்டு மாத்திக்கிட்டோம். பூவிழியை நான் வரச் சொல்லலை. வெளிநாட்டுல வேலையா இருக்கறான்னு சொல்லி வெச்சேன். அன்னிக்கே பூபதி மூஞ்சி சரியில்லை. "இணைச்சீருக்கு ஆருப்பா உக்காருவா?"ன்னு கேட்டான்.

உங்க பக்கம் இணைச்சீர் உண்டுங்களா? உண்டா, சரி. கூடப் பொறந்தவளோட உரிமையை விடமாட்டேன்னு மாப்பிள்ளை சபையில அவளைப் பக்கத்துல உக்கார வெச்சுச் செய்யறது. அது முடிஞ்சாத்தான் தாலி. எங்கண்ணன் பொண்ணு உக்காருவா, பங்காளி பொண்ணு உக்காந்தா செல்லும்னேன். "எட்டு நிமிசம் கழிச்சுப் பொறந்தவ இருக்கறப்ப எனக்கெதுக்குப் பங்காளி பொண்ணு?"ங்கறான். பாருங்க, மாட்டைக் கண்டு சீலைக்குள்ள ஒளிஞ்ச பயல், எங்கிட்ட நாயம் பேசறான்.

ஆவணியில எம்மச்சான் ஊட்டுல காதுகுத்து. தெய்வசிகாமணின்னு, சாரதாமணிக்கு அண்ணன். எலக்ட்ரிக் கடை வெச்சிருக்கறான். எல்லாரையும் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் திரியற ஆளு. எனக்கு அப்படிப்பட்ட ஆளைக் கண்டாலே ஆகாது. பந்தியில நான் உக்காந்திருக்கறேன், எலைக்குக் குனிஞ்சு, "ஏனுங்க மச்சான், பூவிழியை ஏன் ஒதுக்கி வெச்சிருக்கறீங்க? காலம் மாறிப்போச்சுங்க"ன்னான். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "காலம் மாறலைடா, உங்க ரத்தம்தான் மாறலை. பொம்பளை வேசம் கட்டுனவன் ரத்தம்டா உங்க ரத்தம். அதுதான் எம்பொண்ணு மேல எறங்கிருக்குது"ன்னேன். நோட்டு மடியிலதான் இருந்துச்சு. எடுத்து விரிச்சுக் காட்டுனேன். ரசம் ஊத்திட்டிருந்தவன் வாளியோட அப்படியே நின்னுட்டான்.

அந்தப் பந்தியில நாலு எலை தள்ளிச் சுப்பராயனோட தங்கச்சி உக்காந்திருந்தது எனக்கெப்படிங்க தெரியும்? மச்சானுக்குத் தெரிஞ்சிருக்கோணும். ஆரு ஆரைக் கூப்புட்டிருக்கறோம்னு தெரியாம ஒருத்தன் விசேசம் வெக்கறானா?

நாலாம் நாள் சுப்பராயன் வந்துட்டாரு. தனியா வந்தாரு. இதே கல்லு மேலதான் உக்காந்தாரு. மருவாதியாத்தான் ஆரம்பிச்சாரு.

"ஏனுங்க சம்மந்தி, உங்க பொண்ணு விசயம் காதுல விழுந்துச்சு. அது ரத்தத்துல வந்ததுன்னு நீங்களே சொன்னீங்களாமா?"

"ஆமாங்க. எம்பக்கம் இல்லைங்க. அவ பக்கம். நோட்டு வேணும்னா பாருங்க."

"ரெண்டு பக்கமும் சேந்துதானுங்களே மாப்பிள்ளை பொறந்தாரு? நாளைக்கு எம்பேரம் பேத்திக்கும் அந்த ரத்தம் வருமுங்களே?"

நான் பொண்ணுக்குத்தான் கட்டம் போட்டேனே ஒழிய, பையனும் அதே கட்டத்துல இருக்கறான்னு நெனக்கலை. நெனக்கறதுக்கு என்ன இருக்குது? அவன் சரியாத்தான இருக்கறான்! ஆனா இந்த மஞ்சள் மண்டிக்காரருக்கு அதைச் சொல்லிப் புரிய வெக்க முடியுமா? அதனால பேச்சை மாத்துனேன்.

"ரத்தம்னா ரத்தம் இல்லைங்க சம்மந்தி. வயித்துல நடந்த கோளாறு. பசு இரட்டைக் கன்னு போட்டு, ஒண்ணு காளை, ஒண்ணு பொட்டைக் கிடாரியா இருந்தா, அந்தக் கிடாரி பத்துல ஒம்பது சினை பிடிக்காது. ஏன்னு கேளுங்க. வயித்துக்குள்ளயே காளைக்கன்னோட ரத்தம் கிடாரிக்குள்ள கலந்துரும். பாக்கறதுக்குக் கிடாரி, உள்ளுக்குள்ள காளை கொணம். எம்பொண்ணு பையனோட இரட்டையாப் பொறந்தவ. அதுதானுங்க காரணம். வம்சத்துல ஒரு குத்தமும் இல்லை."

இதை நான் கண்டுபுடிச்சது ஒரு நடுப்பகல்ல, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டிருக்கறப்ப. கண்டுபுடிச்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, சொல்றதுக்கென்ன. அப்பாடா, ஆரும் குத்தவாளி இல்லைன்னு. எம்பொண்ணும் இல்லை, நானும் இல்லை.

சுப்பராயன் வாயத் தொறந்துக்கிட்டுக் கேட்டாரு. மஞ்சளை எடை போடறவருக்கு இதெல்லாம் எங்க ஏறும்னு நான் நெனச்சுட்டிருக்கறேன், மனுசன் மெதுவாக் கேக்கறாரு: "அப்ப காளையோட ரத்தம் கிடாரிக்குப் போச்சுன்னா, கிடாரியோட ரத்தம் காளைக்கு வந்திருக்குமுங்களே. மாப்பிள்ளைக்கு என்ன கலந்துச்சுங்க?"

முப்பத்திரண்டு வருசத்துல ஒரு டாக்டர்கூட எங்கிட்ட அப்படிக் கேக்கலை. வரும், ஆனா ஒண்ணும் பண்ணாதுன்னேன். எப்படித் தெரியும்னாரு. தெரியும்னேன். எப்படிங்கன்னாரு. "வயிறும் இல்லைங்க, விடுங்க. வளப்புதான். அவளை ஆஸ்டல்ல விட்டோம் பாருங்க, பதினொண்ணாம் வகுப்புல, அங்க கெட்டுப்போச்சு"ன்னேன்.

"ஆஸ்டல்ல விட்டது ஆருங்க?"

நான் எந்திரிச்சுப் போய் மாட்டுக்கு வைக்கோலைத் தள்ளிப் போட்டேன்.

"ரத்தம்னா எம்பொண்ணு வயித்துக்கு வரும். வயிறுன்னா மாப்பிள்ளைக்கே வந்திருக்கும். வளப்புன்னா இந்த ஊட்டுக்குத்தான் எம்பொண்ணு வளர வரோணும். நீங்க எதைச் சொன்னாலும் எனக்குப் பயமா இருக்குதுங்களே"ன்னுட்டு எந்திரிச்சுட்டாரு. காப்பியைத் தொடலை. மூணு நாள்ல தட்டு திரும்பி வந்துருச்சு.

பூபதி உள்ள இருந்து பூராவும் கேட்டிருக்கறான். வெளியில வந்து நின்னான். "அவளை மாடுன்னீங்க. என்னையும் மாடுன்னீங்க. அம்மா வயித்தைப் பட்டியாக்கிட்டீங்க. இதுக்கு அவ பண்ணுன தப்பு என்ன, நான் பண்ணுன தப்பு என்னப்பா?"ன்னான். ரெண்டும் ஒரே கேள்வியைத்தான் கேக்குதுங்க, இரட்டை இல்ல, அதான். சாயங்காலம் பையெடுத்துட்டு அக்கா... பாருங்க, எட்டு நிமிசம் சின்னவளை அவன் அக்கான்னுதான் கூப்புடுவான், பயந்தாங்கொள்ளி. கோயமுத்தூர்ல அவ ஊட்டுக்கே போயிட்டான்.

அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை வந்துச்சு. காளைக்குச் சான்றிதழ் குடுக்கறாங்கல்ல, இன்ன வம்சம், இன்ன நோய் இல்லைன்னு? அந்த மாதிரி ஒண்ணு வாங்கிச் சுப்பராயன் முன்னாடி வெச்சா வாயடைஞ்சு போவாரு. கோயமுத்தூர்ல மரபணு டாக்டரம்மா ஒருத்தங்க இருக்கறாங்கன்னாங்க. நோட்டைத் தூக்கிட்டுப் போனேன்.

சின்ன வயசுப் பொம்பளை. கண்ணாடியை நெத்தியில ஏத்தி வெச்சுக்கிட்டு, நோட்டு முழுக்க ஒவ்வொரு பக்கமாப் பாத்தாங்க. அதுவரைக்கும் எனக்கு மருவாதி இருந்துச்சு. வாயத் தொறந்தாங்க பாருங்க, அத்தோட போச்சு. "இதுக்குன்னு ஒரு ஜீன் கெடையாதுங்கய்யா. எக்கச்சக்கமா இருக்கும், ஒவ்வொண்ணும் துளித் துளியாத்தான் சேரும். அதோட வயித்துல இருந்தப்ப நடந்தது கொஞ்சம், நாங்க இன்னும் பேர்கூட வெக்காதது நெறைய. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னிக் கெடக்குது. ஒரே கருவுல உண்டான இரட்டையிலகூட ஒருத்தர் இப்படி, ஒருத்தர் அப்படி இருக்கறாங்க. இன்னாரால வந்துச்சுன்னு ஆரையும் கைகாட்ட முடியாது. வளத்த வெதத்தால வந்ததுன்னும் சொல்ல முடியாது. இது நோயும் இல்லை."

ரத்தமா, சூழ்நிலையான்னு கேட்டா ரெண்டும்ங்கறாங்க. எவ்வளவு அது, எவ்வளவு இதுன்னா தெரியாதுங்கறாங்க. மழை வந்தாலும் வரும், வராட்டியும் போகும்னு ரேடியோவுல சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி. இதுக்கு எத்தனை வருசப் படிப்பு! காளை, கிடாரி கதையைச் சொன்னேன். மாட்டுல இரட்டைக் கன்னுக்கு நஞ்சுக்கொடி ஒண்ணா ஒட்டி ரத்தக் கொழாய் சேந்துருமாம், மனுசருக்கு அப்படி ஆகறதில்லையாம். "நீங்க தப்பான பிராணியைப் பாத்துட்டீங்கய்யா"ன்னாங்க. என்னைப் பாத்து! முப்பத்திரண்டு வருசம்!

அதோட விடலைங்க. நோட்டுல பூவிழி கட்டத்து மேல வெரலை வெச்சு, "இந்தப் பெருக்கல் குறி என்னதுங்க?"ன்னாங்க.

"அது கழிச்ச மாட்டுக்குப் போடறதுங்க. வம்சத்துக்கு ஆகாதுன்னு பட்டியில இருந்து தள்ளுனதுக்கு. பழக்கத்துல போட்டுட்டேன்"ன்னேன்.

அந்தம்மா நோட்டை மூடி எங்கிட்டக் குடுத்துட்டாங்க. சான்றிதழ் எழுதித் தரலை. நான் படியெறங்கறப்ப நோட்டு கனத்துச்சு. வெயில்ல நடந்தது, வேறொண்ணும் இல்லை.

அப்பறம் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, கேவலத்தை. அந்தத் தாரணிப் பொண்ணு, கட்டுனா பூபதியைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னிருக்குது. எம்மச்சான் தெய்வசிகாமணி நடுவுல பூந்து, சுப்பராயனைக் காருல ஏத்திக்கிட்டுக் கோயமுத்தூருக்கே போயிட்டான். பூவிழி ஊட்டுக்கு! அந்த லாவண்யா இவருக்கு முட்டி வலின்னதும் உக்கார வெச்சுக் காலை நீட்டச் சொல்லி நாலு பயிற்சி சொல்லிக் குடுத்துச்சாமா. பூவிழி கொள்ளுப்பருப்பு கடைஞ்சு போட்டாளாமா. திரும்பி வந்தவரு, "பொண்ணு தங்கமான பொண்ணுங்க, நாந்தான் அவங்கப்பன் பேச்சைக் கேட்டுப் பயந்துட்டேன்"னாராம். ஒரு வேளைச் சோறு! ஒரு கிண்ணம் கொள்ளுப்பருப்பு! மூணு தலைமுறையை நான் அலசி எடுத்து வெச்சிருக்கறேன், இந்தாளு ஒரு கிண்ணம் பருப்புல முடிவு பண்ணிட்டாரு. இவரெல்லாம் மஞ்சளை எப்படித்தான் தரம் பாக்கறாரோ.

தை பொறந்து மூணாம் நாள் பூவிழி வந்தா. கூட அந்தப் புள்ளையும். அது கேட்டுக்கு வெளியிலயே நின்னுருச்சு. இவ மட்டும் வந்து வெத்தலை பாக்கு, பத்திரிகை வெச்ச தட்டத்தை நீட்டுனா. வாசல மிதிக்காதேன்னு சொன்னது நெனப்பு இருந்துச்சு போல. வாசப்படிக்கு அந்தப் பக்கமே நின்னு கையை மட்டும் நீட்டுறா.

"அப்பா, இருவத்தி ரெண்டாந்தேதி. பெருந்துறையில. இணைச்சீருக்கு நான் உக்காரறேன். நீங்க வரோணும்."

"உன்ரகிட்ட ஒண்ணு கேக்கறேன். அதுக்குப் பதில் சொன்னா வரேன். இது எங்கிருந்துடி வந்துச்சு? உனக்காவது தெரியுமா?"

நிமுந்து பாத்தா. இளைச்சிருந்தா. இல்லை, இளைக்கலை, முடியைக் குட்டையா வெட்டியிருந்தா.

"தெரியாதுங்கப்பா. எனக்குத் தெரிஞ்சதெல்லாம், நீங்க மொபெட்டுல முன்னாடி நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போன பொண்ணு நாந்தான். அப்பவும் இப்படித்தான் இருந்தேன். அப்ப உங்களுக்கு என்னை ரொம்பப் புடிச்சுது."

எப்படிப் பேசறா பாத்தீங்களா? காரணம் கேட்டா கதை சொல்றா. "காரணம் தெரியாம நான் வரமாட்டேன்"னேன். தட்டத்தைப் படி மேல வெச்சுட்டுப் போயிட்டா. அன்னிக்குப் பொழுதோட சாரதாமணியும் போயிட்டா. முப்பத்தஞ்சு வருசம் எஞ்சோத்தைத் தின்னுட்டு, "நீங்க நோட்டை வெச்சுக்கிட்டு இருங்க"ன்னு ஒரு வார்த்தை. அவ பக்கத்து ரத்தம்னு நான் சொன்னது பொய்யா?

இல்லைங்க, நான் கல்யாணத்துக்குப் போகலை. அன்னிக்குப் பெருந்துறைக்குத் தவிடு வாங்கப் போனேன். இங்க காங்கயத்துல தவிடு கெடைக்காதான்னு கேக்கறீங்களா? கெடைக்கும். பெருந்துறைத் தவிடு நல்லா இருக்கும்னாங்க, போனேன். வேட்டி சட்டை வெளுப்பாப் போட்டிருந்தேன். தவிடு வாங்கறவன் அழுக்காத்தான் போகோணும்னு இருக்குதா?

மண்டபத்துக்கு எதுத்தாப்புல ஒரு டீக்கடை. பஸ் வர நேரமாகும்னு பெஞ்சுல உக்காந்தேன். இப்பெல்லாம் வாசல்லயே பெரிய டிவி வெச்சு உள்ள நடக்கறதை ரோட்டுக்குக் காட்டறானுங்களே, அதுல எல்லாம் தெரிஞ்சுது. நான் பாக்கலை, கண்ணு முன்னாடி இருந்துச்சு. மணவறையில பூபதி உக்காந்திருக்கறான். பக்கத்துல பூவிழி, அரக்குப் பட்டு. தகப்பன் நிக்க வேண்டிய எடத்துல தெய்வசிகாமணி நின்னு, சீர் நடத்தற அருமைக்காரரு சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிட்டிருக்கறான். சாரதாமணி கண்ணைத் தொடச்சுக்கறா. சுப்பராயன் முன்வரிசையில கையக் கட்டிட்டு நிக்கறாரு. அந்த லாவண்யா கூட்டத்தோட கூட்டமா, ஒரு கொழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு. ஒருத்தரு மூஞ்சியிலயும் ஒரு சங்கடம் இல்லை. நான் இல்லாத சங்கடம்கூட இல்லை.

அப்பறம் அந்தக் கேமராக்காரன் பூவிழி மூஞ்சியைக் கிட்டக் கொண்டாந்தான். டிவி பூராவும் அவ மூஞ்சிதான். அழுகையை அடக்கறதுக்குக் கீழ் ஒதட்டைக் கடிச்சுக்கிட்டு, ஒரு பக்கமாத் தலையைச் சாச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா.

டீக்கடைக்காரன் டிவியைப் பாத்தான். டம்ளரை வெக்க வந்தவன் என்னையும் ஒரு தடவை பாத்தான். மறுபடி டிவியைப் பாத்தான்.

"ஏனுங்கய்யா, அந்தப் பொண்ணு உங்க பொண்ணுங்களா? அப்படியே உங்களை உரிச்சு வெச்சிருக்குதுங்களே. நீங்க ஏனுங்க இங்க உக்காந்திருக்கறீங்க?"

"இல்லைங்க"ன்னேன்.

"அட, இல்லீங்களா? அந்த ஒதட்டைக் கடிக்கறதுகூட இப்ப நீங்க கடிக்கற மாதிரியே இருக்குதுங்க"ன்னான்.

"இல்லைன்னா இல்லை. எனக்குப் பொண்ணே கெடையாது"ன்னேன். டீயை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். தவிடும் வாங்கலை.

டீ ஆத்தறவனுக்கு என்னங்க தெரியும் ரத்தத்தைப் பத்தி?